ஜூலை 4: தேதி சரி, வினைச்சொல் தவறு

பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிப்பதற்கும், மாத இதழின் ஓரப் பெட்டிக்கும் ‘வரலாற்றில் இன்று’ தொகுத்துக் கொடுப்பவர்களுக்கு ஜூலை 4 அல்வா மாதிரி. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம், மூன்று ஜனாதிபதிகளின் மறைவு, ஒரு ஜனாதிபதியின் பிறப்பு, உள்நாட்டுப் போரில் ஒரு சரணாகதி, செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் என்று ஐந்து நிமிடத்தில் பெட்டி நிரம்பிவிடும். அவ்வளவு எளிதாக நிரம்புவதால்தான் அந்த நாளில் பிழையும் மலிந்து கிடக்கிறது. நான் பார்த்தவரை தேதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதன் பின்னால் வரும் வினைச்சொல்லில்தான் கோட்டை விடுகிறோம். ‘கையெழுத்தானது’, ‘வாங்கப்பட்டது’, ‘நிறுவப்பட்டது’, ‘பிறந்தார்’ ஆகிய நான்கையும் கண்டால் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

முதல் பலி பிரகடனமேதான். “1776 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தானது” என்று எழுதாதவர் குறைவு. நடந்தது வேறு. பதின்மூன்று காலனிகளின் பிரதிநிதிகளாகப் பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸ், பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று வாக்களித்த நாள் ஜூலை 2. மறுநாள் ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத் தலைமுறைகள் ஜூலை இரண்டாம் தேதியைத்தான் ஊர்வலமும் விளக்கலங்காரமுமாகக் கொண்டாடப்போகின்றன என்று அடித்துச் சொல்கிறார். கொண்டாட்டம் அவர் சொன்னபடியே நடக்கிறது, தேதிதான் இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது. பிரிவதற்கான காரணங்களை விளக்கும் அறிக்கையின் வாசகத்தைத் திருத்தி ஏற்றுக்கொண்ட நாளே ஜூலை 4. அன்றிரவு ஜான் டன்லப் என்பவரின் அச்சகத்தில் அது ஒற்றைத் தாளாக அச்சானது. அந்தத் தாளின் அடியில் கையொப்பம் எதுவும் கிடையாது. தலைவர் ஜான் ஹான்காக், செயலாளர் சார்ல்ஸ் தாம்சன் ஆகியோரின் பெயர்கள் மட்டும் அச்செழுத்தில் இருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டப்படுகிற, 56 பேர் கையொப்பமிட்ட தோல் ஆவணம் பிறகு எழுதப்பட்டது. பெரும்பாலோர் அதில் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2-இல். மேத்யூ தார்ன்டன் வந்து போட்டபோது நவம்பர் ஆகிவிட்டது. குழப்பத்துக்குக் காரணம் அந்த ஆவணத்தின் தலைப்பிலேயே இருக்கிறது: வாசகம் ஏற்கப்பட்ட ஜூலை 4-தான் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே தலைப்பில் ‘ஒருமனதான’ என்ற சொல்லும் வருகிறது. டன்லப்பின் தாளில் அந்தச் சொல் இல்லை. ஜூலை 2-இல் வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்த நியூயார்க் 9-ஆம் தேதிதான் சம்மதம் சொன்னது; அதற்குப் பிறகே பதின்மூன்றும் ஒருமனம் ஆயின. பிற்காலத்தில், பிரகடனத்தின் வரைவை எழுதிய ஜெஃபர்சனே ஜூலை 4 அன்று கையெழுத்திட்டதாகச் சாதித்தார் என்பதால், நாம் தவறுவதில் வியப்பில்லை.

இந்தச் செய்தியோடு போடுகிற படத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. ஜான் டிரம்புல் வரைந்து, வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டட வட்டக்கூடத்தில் தொங்கும் ஓவியம் அது. இரண்டு டாலர் நோட்டின் பின்புறத்திலும் இருக்கிறது. ‘கையெழுத்திடும் காட்சி’ என்று கீழே எழுதிவிடுகிறோம். உற்றுப் பாருங்கள்: மேசைக்கு முன் ஐந்து பேர் நிற்கிறார்கள். வரைவுக் குழுவினரான அவர்கள், உட்கார்ந்திருக்கும் ஹான்காக்கிடம் வரைவை ஒப்படைக்கிறார்கள். கையெழுத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. அன்று சுதந்திர மணி முழங்கியது என்பதும் 1840-களில் ஒருவர் எழுதிய கற்பனைக் கதையிலிருந்து கிளம்பியதுதான். பிரகடனத்தை மக்கள் முன் வாசித்ததே ஜூலை 8-இல்.

மற்ற வினைச்சொற்கள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. 1803 ஜூலை 4-இல் பிரான்சிடமிருந்து லூசியானா பிரதேசம் ‘வாங்கப்பட்டது’ என்பார்கள். பாரிஸில் உடன்படிக்கை ஆனது ஏப்ரல் 30. கப்பலில் வந்த சேதியை வாஷிங்டனில் அறிவித்த நாள்தான் ஜூலை 4. 1884 ஜூலை 4-இல் சுதந்திர தேவி சிலை ‘நிறுவப்பட்டது’ என்பதும் அப்படியே. அன்று பாரிஸில் அமெரிக்கத் தூதரிடம் சிலையை முறைப்படி ஒப்படைத்தார்கள். நியூயார்க் துறைமுகத்தில் திறப்பு விழா நடந்தது 1886 அக்டோபர் 28-இல். அடிமைக்கு இந்த ஜூலை நான்கு எதற்கு என்று, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் கேட்ட புகழ்பெற்ற உரையும் ஆண்டுதோறும் இந்தப் பெட்டிக்குள் ஏறிவிடுகிறது. அவர் பேசியது 1852 ஜூலை 5-இல், ராச்செஸ்டரில்.

1863 ஜூலை 4-க்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை அன்று முடிந்தது என்று எழுதுவது தவறு. சண்டை மூன்றாம் தேதியோடு ஓய்ந்தது. நான்காம் தேதிக்கு உரியது விக்ஸ்பர்க். 47 நாள் முற்றுகைக்குப் பிறகு தென் மாநிலங்களின் தளபதி பெம்பர்டன், வடக்கின் தளபதி கிரான்டிடம் சரணடைந்தார். இதைத் தற்செயல் என்று எழுதுவது இன்னொரு தவறு. பெம்பர்டன் பிரகடனம் பிறந்த பிலடெல்பியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். வடக்கத்தியரின் மனம் அவருக்குத் தெரியும். தேசியத் திருநாளில் நகரம் கைக்கு வருகிறதென்றால் நிபந்தனைகளைத் தளர்த்துவார்கள் என்று கணக்குப் போட்டதாக அவரே பின்னர் சொன்னார். நாள் பொருந்துவதற்குப் பின்னால் ஆள் இருப்பதும் உண்டு.

மரணங்களில் அந்தக் கணக்குச் செல்லாது. பிரகடனத்தின் பொன்விழா நாளான 1826 ஜூலை 4-இல் நண்பகல் கடந்து ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் இறந்தார். அன்று மாலை மாசசூசெட்ஸில் ஆடம்ஸ் இறந்தார். ஐந்தாண்டு கழித்து அதே தேதியில் மன்றோவும் போனார். இதைப் படித்தால் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் நான்காவது ஜனாதிபதி மேடிசன் 1836 ஜூன் 28-இல் காலமானார். ஆறு நாள் தவறிவிட்டது, பட்டியலில் அவருக்கு இடமில்லை. பொருந்தியதை மட்டும் பொறுக்கி வைத்துவிட்டு ‘விதி’ என்று எழுதாதீர்கள். ஜனாதிபதிகளிலேயே போல்க், ஹார்டிங் இருவருக்கும் பிறந்தநாள் நவம்பர் 2. ஃபில்மோர், டாஃப்ட் இருவரும் இறந்தது மார்ச் 8-இல். 23 பேர் இருக்கும் அறையில் இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது நிகழ்தகவுப் பாடத்தின் பழைய கணக்கு.

‘பிறந்தார்’ என்ற சொல்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்று வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைத்த தேதி 1901 ஆகஸ்ட் 4. பொய் சொன்னார் என்று பாய வேண்டாம். நம் ஊரில் முதல் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் தேதியே பிறந்தநாளாக நிலைத்துவிட்ட பெரியவர்கள் எத்தனை பேர்! சான்றிதழில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று. இதே ஆம்ஸ்ட்ராங்கிடம் நானும் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஓர் அமெரிக்கக் குறிப்பில் 7/6/1971 என்று கண்டு, அவர் ஜூன் 7-இல் இறந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். ஜூலை 6 என்று படித்திருக்க வேண்டும்.

1752-க்கு முந்தைய பிறந்தநாள் என்றால் பஞ்சாங்கமே மாறிவிடும். பிரிட்டனும் அதன் காலனிகளும் அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று எண்ணி, பழைய ஜூலியன் முறையைக் கைவிட்டன. ஜெஃபர்சனின் கல்லறைத் தூணில் பிறப்பு 1743 ஏப்ரல் 2 என்று செதுக்கி, பக்கத்தில் ‘பழைய முறை’ என்பதற்கான இரண்டு எழுத்துகளையும் சேர்த்திருக்கிறார்கள். நாம் எழுதுகிற ஏப்ரல் 13-உம் அதே நாள்தான். இரண்டில் ஒன்றைப் பிழையென்று அடிக்காமல், எந்த முறை என்று குறித்தால் போதும்.

விண்வெளிச் செய்தியில் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். டெம்பல் 1 வால்நட்சத்திரத்தின் மீது நாசாவின் டீப் இம்பாக்ட் விண்கலம் ஏவிய மோதுகலம் மோதியது 2005 ஜூலை 4, உலகப் பொது நேரம் காலை 5.52-க்கு. நமக்கு அன்று முற்பகல் 11.22. கைதட்டி ஆர்ப்பரித்த கலிபோர்னியக் கட்டுப்பாட்டு அறையிலோ அப்போது ஜூலை 3 இரவு பதினொன்றுகூட ஆகவில்லை. நான் 4 என்றே போட்டு, பக்கத்தில் ‘உலகப் பொது நேரப்படி’ என்று சேர்த்துவிடுவேன். பெட்டியில் அதற்கும் இடமில்லை என்றால் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் இருக்கிறார். 1872 ஜூலை 4, பிளிமத் நாட்ச், வெர்மான்ட். அவர் அன்றுதான் பிறந்தார்.