புதுப்பிக்கும் வீட்டில் இயற்கைக் கல் கணப்பு

கல்லின் நிறத்தைத் தேர்வதற்கு முன்பே, கணப்பின் (குளிர்காய அறைக்குள் தீ மூட்டும் அடுப்பின்) முழு எடையையும் தரை தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் தனி அடித்தளம் தேவைப்படும். தீ எரியும் குழியின் உட்புறத்தில் வெப்பம் தாங்கும் செங்கல்லையே பதிக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகுதான்; ஆனால் அதனுள் தங்கிய ஈரம் ஆவியாகி விரியும்போது கல் வெடித்துச் சிதறக்கூடும் என்பதால், அதை நெருப்பருகே வைக்கவே கூடாது.

முகப்புக் கற்களை முதலில் சாந்தின்றித் தரையில் பரப்பி, செங்குத்து இணைப்புகள் ஒரே கோட்டில் விழாதபடி மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்த பின்னரே சுவரில் பதிப்பது நல்லது. இதில் அவசரப்பட்டால், அந்த நேர்கோடு காலமெல்லாம் கண்ணை உறுத்தும். சாந்து இறுகச் சில வாரங்கள் விட்டு, தொடக்கத்தில் சிறு தீயாகவே மூட்ட வேண்டும்.