வீட்டில் ஆபீஸ் போடுகிறவர்கள் காசைக் கோட்டை விடும் இடங்கள்

தெரிந்தவர்கள் வீட்டு மேஜைக்குப் புதிதாக எது வாங்கினாலும் எனக்கு ஒரு போட்டோ வந்துவிடும். மேஜை, வயரிங், நெட் எல்லாம் சரிசெய்து கொடுப்பவன் என்பதால். தீபாவளி ஆஃபர் முடிந்த வாரங்களில் இது அதிகம். பெரிய மானிட்டர், விளக்கு எரியும் கீபோர்டு, ஓரத்தில் ஒரு மணி பிளான்ட். மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது. கோளாறெல்லாம் அங்கேதான் இருக்கும். ஆரம்பத்தில் நான் அடித்த கூத்துகளையே புதியவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். நாலு கடையில் விலை விசாரியுங்கள், ரிவ்யூ பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

யோசிக்காமல் ஒரு யு.பி.எஸ். வாங்கிப் போடுவது

அட்டைப்பெட்டியில் பெரிதாக 600 வி.ஏ. என்று போட்டிருக்கும். வாங்குகிறவர் அதை 600 வாட் என்று எடுத்துக்கொள்கிறார். திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தால் பெரும்பாலும் 360 வாட் என்றுதான் இருக்கும். 1 கே.வி.ஏ. பெட்டி என்றால் 600 வாட் அளவில். இது ஏமாற்று இல்லை, வி.ஏ. ஒரு கணக்கு, வாட் வேறு கணக்கு. ஆனால் கேட்காமல் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

வாட்டை விட முக்கியம் உள்ளே இருக்கும் பாட்டரி. 600 வி.ஏ. வகையில் பொதுவாக 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பாட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. அதுவும் 20 மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கிற அளவு. அவசரமாக உறிஞ்சினால் அதில் பாதி தேறுவதே கஷ்டம். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 250 வாட் இழுத்தால் பத்து நிமிடம் தாண்டாது. ஃபைலை சேவ் செய்து ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்குத்தான் அந்தப் பெட்டி. பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கரண்ட் கொடுக்கும் நாளில் அதை நம்பி மீட்டிங்கில் உட்கார முடியாது.

வேளச்சேரியில் ஒரு தம்பி முதலில் 600 வி.ஏ. வாங்கினார். கரண்ட் போனதும் அது கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. லோடு தாங்கவில்லை போல என்று 1 கே.வி.ஏ. வாங்கினார். அதிலும் அதே கதை. சர்வீஸுக்குக் கொண்டுபோனால், பெட்டியில் பழுது இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையிலேயே பழுது இல்லை. விலை குறைந்த யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறியதும் தருவது வீட்டுக் கரண்ட் போல வழுவழுவென்று வளைந்து வரும் சைன் வேவ் அல்ல, படிக்கட்டு போல வெட்டி வெட்டி வரும் அலை. இப்போது வரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில், அதாவது டெஸ்க்டாப்புக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகளில், ஆக்டிவ் பி.எஃப்.சி. என்று ஒரு சுற்று இருக்கிறது. அதில் சிலவற்றுக்கு இந்த அலை ஒத்துக்கொள்வதில்லை. மாறுகிற அந்த நொடியில் திடீரென்று கரண்டை இழுக்கப் பார்க்கும், யு.பி.எஸ். ஓவர்லோடு என்று கையை விரித்துவிடும். தம்பி பார்த்துப் பார்த்து, கரண்டை வீணாக்காது என்று தரச்சான்று பெற்ற 80 பிளஸ் கோல்டு எஸ்.எம்.பி.எஸ். போட்டிருந்தார். நல்லதாக வாங்கியதே வினையாகிவிட்டது.

எனக்கு எரிச்சல் வந்தது அதனால் இல்லை. அதே வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சைன் வேவ் இன்வெர்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பாட்டரியும் உட்கார்ந்திருந்தன. 12ஐ 150ஆல் பெருக்குங்கள், 1800 வாட்-மணி. அந்த யு.பி.எஸ். பாட்டரியைவிட இருபது மடங்குக்கு மேல். அதில் ஓடியது நாலு ஃபேன், நாலு லைட். மேஜை இருக்கும் அறையின் பிளக் பாயிண்டுக்கு இன்வெர்டர் லைன் கொடுத்திருந்தால் எலக்ட்ரீஷியன் கூலியோடு காரியம் முடிந்திருக்கும். இந்தக் கதையை நான் எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்! யு.பி.எஸ். வாங்கும் முன், வீட்டில் இன்வெர்டர் இருக்கிறதா, அது சைன் வேவா, அதன் வாட் எவ்வளவு, மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன், லைட் போக உங்கள் கம்ப்யூட்டரைத் தாங்கும் என்றால் வேறு பெட்டியே வேண்டாம்.

லைன் கொடுத்த பிறகும் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சிலர் போன் செய்வார்கள். இன்வெர்டரில் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சிலதில் நார்மலுக்குப் பதில் ஈகோ என்று எழுதியிருப்பார்கள். நார்மலில் பாட்டரிக்கு மாற நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் விழுந்துவிடும். யு.பி.எஸ். மோடுக்குத் தள்ளினால் சரி. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. வோல்டேஜ் 180 பக்கம் இறங்கினாலே அது பாட்டரிக்குப் போய்விடும். கோடையில் வோல்டேஜ் படுத்துக்கொள்ளும் தெரு என்றால் கரண்ட் இருக்கும்போதே பாட்டரி தீர்ந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் டெஸ்க்டாப்புக்குத் தனி சைன் வேவ் யு.பி.எஸ். வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

லேப்டாப்காரர்கள் யு.பி.எஸ். வாங்குவது இன்னும் வேடிக்கை. லேப்டாப்புக்குள்ளேயே பாட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் சாவது வைஃபை. ரூட்டருக்கென்றே கையளவு மினி யு.பி.எஸ். விற்கிறார்கள், விலையும் குறைவு. ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துப் பார்த்து அதற்கு ஏற்றதாக வாங்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனால் எல்லாமே அல்ல. சில வீடுகளில் ஃபைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டி ஒன்று, ரூட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, நெட் ஏன் வரவில்லை என்று விழிப்பார்கள்.

அதையும் வாங்கும் முன் இன்னொன்று பாருங்கள். ஏரியா முழுக்கக் கரண்ட் போன நேரத்தில், இன்வெர்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு, அதே நெட் கம்பெனியாக இருந்தால், நெட் வருகிறதா என்று கேளுங்கள். ஃபைபர் நேராக வந்தால் வழியில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. உள்ளூர் கேபிள்காரர் யாரோ ஒருவர் மொட்டைமாடியில் சுவிட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தால், அந்த வீட்டில் கரண்ட் போனதும் உங்கள் நெட்டும் போச்சு. அப்புறம் உங்கள் வீட்டில் ரூட்டர் எரிந்து என்ன பயன்? போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள்.

எர்த் இல்லாத பாயிண்டில் ஸ்பைக் கார்டு

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. உலோக உடம்பு லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக் கையால் தடவினால் சுரீரென்று லேசாக ஒரு கூச்சம் தெரிகிறதா? உடனே லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள். மூன்று முள் அடாப்டராக இருந்தால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். இரண்டு முள் அடாப்டரிலும் இந்தக் கூச்சம் வரும், அது வேறு கதை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரலில் காட்டும் 230 பக்கமே இங்கேயும் காட்ட வேண்டும். எர்த் இல்லாவிட்டால், திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்க வாங்கும் ஸ்பைக் கார்டு செய்ய வேண்டிய வேலையில் பாதி நடக்காது. இன்னொரு விஷயம், அதற்குள் இருக்கும் பாதுகாப்புப் பாகம் அடி வாங்க வாங்கத் தேய்ந்துபோகும். பத்து வருடப் பழைய ஸ்பைக் கார்டு வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டுவது

வேண்டாம். சூடாகும்போது அது இழுக்கிற கரண்டைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது.

மானிட்டரை இஞ்ச் பார்த்து வாங்குவது

27 இஞ்ச் மானிட்டர் ஆஃபரில் கிடைத்தது என்பார்கள். பார்த்தால் ஃபுல் எச்.டி., அதாவது 1920-க்கு 1080. ஒரு இஞ்சுக்கு 82 புள்ளிகூட இல்லை. படம் பார்க்கச் சரி. நாள் முழுக்க எழுத்து படிக்கிறவருக்கு, அதுவும் ஞ, ணை என்று சுழித்துச் சுழித்து எழுதும் நமக்கு, பிசிறு அடிக்கும். அந்த அளவில் 2560-க்கு 1440 வாங்குங்கள், இல்லாவிட்டால் 24 இஞ்சோடு நின்றுகொள்ளுங்கள். 4கே வாங்கியும் சிலர் மவுஸ் இழுபடுகிறது என்கிறார்கள். சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய மலிவு டைப்-சி கன்வெர்ட்டர் எச்.டி.எம்.ஐ. 1.4 ஆக இருக்கும். அது 4கே-யில் நொடிக்கு 30 முறைக்கு மேல் படத்தை மாற்றித் தராது. 2.0 என்று கேட்டு வாங்குங்கள். டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே லேப்டாப்பிலிருந்து படம் வந்துவிடாது, போன் சார்ஜர் கேபிளிலும் வராது. அந்தக் கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் மெதுவான யு.எஸ்.பி. 2-க்கும் மட்டும்.

ரெக்ஸின் போட்ட கேமிங் சேர்

சென்னை வெயிலுக்கு காற்றோடும் வலைத்துணி போட்ட மெஷ் சேர்தான் சரி. முதுகு வேர்வையில் ரெக்ஸின் தோல் தோலாக உரிந்து சட்டையில் ஒட்டும்.

கேமராவுக்குக் காசைக் கொட்டுவது

மீட்டிங் ஆப்புகள் படத்தை எப்படியும் சுருக்கித்தான் அனுப்பும். எதிர்ப்பக்கம் இருப்பவரைப் படுத்துவது உங்கள் தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் சத்தம். வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஹெட்செட்டை முதலில் வாங்குங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், அதற்குச் செலவே இல்லை.

பில்லைப் பர்ஸில் வைத்திருப்பது

கடையில் தரும் வழுவழு பில் வெப்பத்தாளில் அச்சானது. ஒரு கோடை போனால் எழுத்து மங்கி வெள்ளைத் தாள் ஆகிவிடும். யு.பி.எஸ்., பாட்டரி வாரண்டிக்குப் போய் நிற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். புது செட்டப் என்று நாலு பேருக்கு அனுப்பும் படத்தில் மட்டும் அந்த பில்லும், பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும், வீட்டு முகவரியும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.