தனி இன்ஸ்ட்ரக்டரிடம் விமானம் ஓட்டக் கற்பது: அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமம்

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமம் எடுக்கப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) சான்று பெற்ற இன்ஸ்ட்ரக்டர் ஒருவரும் பறக்கத் தகுதியான விமானம் ஒன்றும் கிடைத்தால், அதன் விதிகளின் 61-ஆம் பகுதிப்படி கற்கலாம். ஆனால் பள்ளியில் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் பாடத்திட்டம், மணிக்கணக்கு, விமானத்தின் பதிவேடு எல்லாம் இங்கே உங்கள் பொறுப்பு. காசு கரைவது அதைக் கவனிக்காமல் விடுவதால்தான்.

முதல் வேலை மருத்துவச் சான்று. புதிதாகக் கற்பவர் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று இல்லாமல் தனியாகப் பறக்க முடியாது. தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் என்றால், எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் ஆலோசனை மட்டும் கேளுங்கள். பரிசோதனை தொடங்கிவிட்டால் பாதியில் எழுந்து வர முடியாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு இருந்தாலும், டி.எஸ்.ஏ. (போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வந்த பிறகே பயிற்சியைத் தொடங்கலாம்.

இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறார்? கடைசியாக எத்தனை மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பினார், எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறினார்கள்? வாரம் மூன்று நாள் நேரம் தருவாரா? வாரத்துக்கு ஒரு பாடம் என்றால் ஒவ்வொரு முறையும் பாதி நேரம் மறந்ததை மீட்பதிலேயே போய்விடும். விமானமும் அவருடையது என்றால் 100 மணி நேரம் பறந்ததும் ஒரு முறை விமானத்தைச் சோதிப்பது கட்டாயம். பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் அவருடைய காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் பணம் கேட்டு வரலாம், எனவே வாடகை விமானம் ஓட்டுவோருக்கான காப்பீட்டை உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள். பெரிய தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

முதல் பாடத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பறப்பதற்கு முன் கால் மணி நேரம் இன்று என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, இறங்கிய பிறகு எது சரி, எது தவறு என்று பேசுபவர் நல்லவர். நீங்கள் தடுமாறும்போதெல்லாம் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொள்பவரிடம் கை பழகவே பழகாது.

பறப்பதற்கு முன் சோதனையில் பெட்ரோலை வடித்துப் பார்க்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். சிறு விமானங்களில் ஊற்றும் 100 எல்.எல். பெட்ரோல் வெளிர்நீலம், அதில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தெளிவாகத் தங்கும், நடுவே கோடு தெரியும். கப் முழுக்கவே தண்ணீராக இருந்தால் கோடு தெரியாது, 'சுத்தமாக இருக்கிறது' என்று ஏமாந்துவிடுவோம். வெள்ளைப் பின்னணியில் பிடித்து, நீலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது தரையிறக்கம்தான். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஓடுபாதைக்கு 1,000 அடி உயரத்தில் இணையாகப் பறந்து, இறங்கும் இடம் பக்கவாட்டில் வந்ததும் எஞ்சினை 1,500 ஆர்.பி.எம். அளவுக்குக் குறைத்து, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) படிப்படியாக இறக்கி, கடைசி நேர்கோட்டில் வேகத்தை 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) அளவில் நிலைநிறுத்துங்கள். ட்ரிம் (கைக்கு வரும் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) சரியாக இருந்தால் யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்) இரண்டு விரலால் பிடித்தாலே போதும்; முறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் ட்ரிம் தவறு. முன்கண்ணாடியில் நீங்கள் குறிவைத்த இடம் மேலே ஏறினால் முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள், கீழே நழுவினால் தாண்டிவிடுவீர்கள், அசையாமல் நின்றால் சரி.

தரைக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது பார்வையை ஓடுபாதையின் மறுமுனைக்கு மாற்றுங்கள். மூக்குக்கு நேர் கீழே பார்ப்பவருக்கு உயரம் புரியாது. ஒன்று சீக்கிரம் தூக்குவார், அல்லது மோதுவார். பிறகு இறங்க விடாமல் யோக்கை மெல்ல இழுத்துக்கொண்டே இருங்கள். வேகம் தானாகச் செத்து, பின் சக்கரங்கள் முதலில் தொடும். வேகம் 10% கூடினாலே இயக்க ஆற்றல் 21% கூடுகிறது, விமானம் மிதந்துகொண்டே போகும். அப்போது பொறுமையிழந்து யோக்கை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் தட்டி, குதித்துக் குதித்து ஓடி, முன்கால் உடையும் வரை போகலாம். குதித்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மறுபடி மேலே ஏறிவிடுங்கள்: முழு த்ராட்டில் (எஞ்சினுக்கு முழு விசை), மூக்கை அடிவானத்தில் நிறுத்துங்கள், ஃபிளாப்பை 20 டிகிரிக்கு மடக்குங்கள், ஏறத் தொடங்கிய பின் மிச்ச ஃபிளாப்பையும் மடக்குங்கள். இந்த ஒன்றைக் கை தானாகச் செய்யும் வரை தனியாகப் பறக்கச் சம்மதிக்காதீர்கள்.

விதிப்படி குறைந்தது 40 மணி நேரம்: அதில் 20 இன்ஸ்ட்ரக்டரோடு, 10 தனியாக. பலருக்கு 60-ஐத் தாண்டுகிறது. இரவில் 3 மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்து 3 மணி நேரம், தனியாகத் தொலைப் பயணம் 5 மணி நேரம், அதில் ஒரு பயணம் 150 நாட்டிகல் மைல் (சுமார் 278 கி.மீ.) என்ற தேவைகளைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொரு பாடத்துக்கும் பிறகு கழித்துக்கொண்டே வாருங்கள். லாக்புக்கில் (நீங்கள் பறந்த நேரங்களின் பதிவேடு) இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். தனி இன்ஸ்ட்ரக்டர் விமான நிறுவன வேலை கிடைத்து ஊர் மாறினால் பிறகு பிடிப்பது கஷ்டம். தனியாகப் பறக்கத் தரும் ஒப்புதல் 90 நாளில் காலாவதி.

எழுத்துத் தேர்வில் 60 கேள்வி, 70% எடுத்தால் தேர்ச்சி, அது 24 மாதம் செல்லும். செய்முறைத் தேர்வாளரின் நாள் எளிதில் கிடைக்காது, அதனால் தொலைப் பயணங்கள் முடியும்போதே கேட்டு வையுங்கள். அன்று விமானத்தின் ஆண்டுச் சோதனை, 100 மணிச் சோதனை, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) சோதனை பதிவான பக்கங்களில் காகிதத் துண்டு வைத்துக் கொண்டுபோங்கள். தேர்வாளர் முதலில் கேட்பது அவற்றையும் உங்கள் லாக்புக்கையும்தான்.