புறா ஜோடி: அடை, பால், தீனி யார் முறை எப்போது

கோழியில் அடையும் குஞ்சும் பெட்டையின் பாடு. புறாவில் ஆணும் பெட்டையும் சேர்ந்துதான் எல்லாம், பால் கொடுப்பது உட்பட. வளர்ப்பவர் அந்த முறையைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் முட்டை பெரும்பாலும் சாயங்காலம் வரும். இரண்டாவது சுமார் 44 மணி நேரம் கழித்து. அதுவரை முட்டைமேல் சும்மா நின்றுகொண்டிருக்கும், பயப்பட வேண்டாம். பொரிக்க இரண்டாவது முட்டையிலிருந்து 17, 18 நாள் கணக்கு. காலை பத்து மணிவாக்கில் ஆண் உட்காரும், மாலை நாலு மணிவரை. மீதி நேரமும் ராத்திரியும் பெட்டை. ஆள் மாறும் நேரத்தில் கூண்டில் கை விடாதீர்கள், முட்டை உருளும்.

ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. இரண்டுமே வெறுமுட்டை என்றாலும் உடனே எடுக்காதீர்கள். பெட்டை சீக்கிரமே மறுபடி முட்டையிட்டு உடம்பு தேய்ந்துபோகும்.

பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆண், பெட்டை இரண்டின் தீனிப்பையிலும் (கழுத்தடியில் தீனி தங்கும் பை) பால் ஊறத் தொடங்கும். திரிந்த பாலில் திரளும் கட்டி மாதிரி மஞ்சளாக இருக்கும். முதல் நாலைந்து நாள் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. இன்னொரு ஜோடிக்கு முட்டை மாற்றி வைப்பதானால் இரண்டு ஜோடியும் முட்டையிட்ட நாளின் இடைவெளி ஒன்றிரண்டு நாளுக்குமேல் போகக் கூடாது என்பது இதனால்தான்: பால் ஊறாத ஜோடியிடம் பொரித்த குஞ்சு பிழைக்காது.

ஐந்தாம் நாள் வாக்கில் பாலோடு ஊறிய தானியம் கலக்கும். அந்த வாரம் கம்பு, கோதுமை, பச்சைப்பயறு போன்ற சிறு தானியமே போடுங்கள். பெரிய மக்காச்சோளம் சின்னத் தொண்டையில் சிக்கும். கிளிஞ்சல் தூளும் கிரிட்டும் (தீனியை அரைக்க உதவும் பொடிக்கல்) தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். தாயும் தகப்பனும் தின்று, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஊட்டும். தண்ணீர் தீர்ந்தால் ஊட்டுவதும் நின்றுவிடும்.

காலில் அடையாள வளையம் போடுவது ஏழாம் நாள் வாக்கில். பிந்தினால் கால் பருத்து நுழையாது.

வளர்ப்பவர்கள் சறுக்குவது அடுத்த கட்டத்தில். குஞ்சுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்போதே பெட்டை அடுத்த முட்டை இட்டுவிடும். அதன்பின் ஊட்டும் பாரம் பெரும்பாலும் ஆணின் தலையில். அதனால் ஜோடிக்கு முட்டையிட இரண்டு சட்டி வையுங்கள். ஒரே சட்டியானால் குஞ்சு மிதித்து முட்டை உடையும். இந்தச் சமயத்தில் ஆணைப் பந்தயத்துக்கோ விற்பனைக்கோ எடுக்கவே கூடாது. சாயங்காலம் குஞ்சின் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நிரம்பி இருக்க வேண்டும், காலியாக இருந்தால் அன்றைக்கே காரணம் தேடுங்கள்.

வாய்க்குள் மஞ்சள் கட்டி தெரிந்தால் அது பெரும்பாலும் கேங்கர் என்ற ஒட்டுண்ணி நோய். பாலோடுதான் குஞ்சுக்குத் தொற்றும் என்பதால், குஞ்சோடு தாய் தகப்பனையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் துணை செத்துப்போனால், மிஞ்சிய ஒற்றைப் புறாவிடம் ஒரு குஞ்சை மட்டும் விடுங்கள், மற்றதை அதே வயதுக் குஞ்சுள்ள ஜோடியிடம் சேருங்கள். தனியாகத் தின்று, தானே தண்ணீர் குடிக்கும் குஞ்சை 28 முதல் 32 நாளுக்குள் பிரிக்கலாம்.