‘நிறுத்து’ என்று ஒரே ஒரு கட்டளை: க்யூஎமு பின்னணி வேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைதோறும் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். லினக்ஸ், விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக வி.எம்., கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), கொஞ்சம் பைத்தான் சொல்லித் தருகிறேன். போன வாரம் அதில் ஒருவன் தான் எழுதிய கருவியைக் காட்டினான். வி.எம்.களை ஓட்டும் மென்பொருளான க்யூஎமுவில் ஓடும் டிஸ்க் நகல் வேலையைக் கட்டுப்படுத்த மூன்று கட்டளைகள்: தொடங்கு, நிலை, நிறுத்து. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடம் முன்னால் நான் எழுதியதும் இதே மூன்றுதான்.

ஜேசனில் காற்புள்ளி விடுவது, க்யூஎமுவுக்குக் கட்டளை அனுப்பும் வழியான க்யூஎம்பி சாக்கெட்டைத் திறந்ததும் முதல் கட்டளையாக ‘க்யூஎம்பி-கேப்பபிலிட்டீஸ்’ அனுப்ப மறப்பது, இதையெல்லாம் நான் சொல்ல வேண்டாம். உடனே எரர் வந்துவிடும். எரரே வராத தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரே ‘நிறுத்து’, இரண்டு அர்த்தம்

மிரர் வேலை என்றால், வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க்கை இன்னொரு கோப்புக்கு நகலெடுப்பது. முதலில் மொத்தமாக அள்ளிப் போடும். இரண்டும் சமமானதும் ‘பிளாக் ஜாப் ரெடி’ என்று ஒரு ஈவென்ட், அதாவது க்யூஎமு தானாக அனுப்பும் அறிவிப்பு, வரும். வேலை அத்துடன் முடிவதில்லை. வி.எம். புதிதாக எழுதுவதைப் புதுக் கோப்பிலும் சேர்த்துக்கொண்டே, நம் சொல்லுக்குக் காத்திருக்கும்.

அங்கே சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. ‘பிளாக்-ஜாப்-கம்ப்ளீட்’ என்றால் வி.எம். புதுக் கோப்புக்கு மாறிவிடும். ‘பிளாக்-ஜாப்-கேன்சல்’ என்றால் வி.எம். பழைய கோப்பிலேயே இருக்கும். புதுக் கோப்பு அந்த நொடியின் நகலாக அப்படியே நின்றுவிடும். ரெடி வருவதற்கு முன் கேன்சல் செய்தால் ‘கேன்சல்டு’ ஈவென்ட் வரும். ரெடி வந்த பிறகு அதே கேன்சலைக் கொடுத்தால் வருவது ‘கம்ப்ளீட்டட்’. க்யூஎமு ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தரும் படிவம்) விவரமெல்லாம் ஒரே வி.எம்.மில் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர் வரத் தொடங்கியதால் புது எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். என் கருவியில் ‘நிறுத்து’ என்றால் கேன்சல் போகும்; ‘கம்ப்ளீட்டட்’ வந்தால் திரையில் ‘முடிந்தது’ என்று காட்டிவிட்டுப் பழைய கோப்பை அழித்துவிடும். திங்கள் சாயங்காலம் ரெடி வந்தது. நிறுத்து கொடுத்தேன். முடிந்தது என்றது. கான்ஃபிக்கில் புதுக் கோப்பின் பாதையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். கோப்பு உள்ளே இருக்கும். அதனால் பெயரில்லாத அந்தப் பழைய கோப்பில் வி.எம். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. வியாழன் ராத்திரி மழை. கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வி.எம். புதுக் கோப்பிலிருந்து எழுந்தது, அதாவது திங்கள் சாயங்காலத்திலிருந்து. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் போனில் கேட்டார்: “இன்னா தம்பி, செவ்வாக்கெழம போட்ட பில்லு ஒண்ணயும் காணோமே?”

மூன்று நாள் பில்களையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். இரண்டு பேர், ராத்திரி வரைக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். வியாழக்கிழமைக்குள் ஒரு தடவை ‘எல்எஸ்ஓஎஃப்’ (திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டிருந்தால் கோப்பின் பாதைக்குப் பக்கத்தில் ‘டெலிடட்’ என்று நின்றிருக்கும். வி.எம். ஓடிக்கொண்டிருந்தவரை இன்னொரு மிரர் போட்டே எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அது இப்போதும் உறுத்துகிறது.

இதைப் பயன்படுத்துபவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. தவறு கட்டளையின் வடிவமைப்பில் இருக்கிறது. க்யூஎமுவை நிர்வகிக்கும் லிப்வர்ட்டிலும் இந்தக் கண்ணி உண்டு: ‘அபார்ட்’ என்ற ஒரே அழைப்பு, ‘பிவட்’ என்ற கொடியை (ஃபிளாக்) சேர்த்தால் வி.எம்.மைப் புதுக் கோப்புக்கு மாற்றும், விட்டுவிட்டால் பழையதிலேயே வைக்கும். நீங்கள் அதற்கு மேல் ஒரு கருவி எழுதுகிறீர்கள் என்றால் மூன்று சொல்லாகப் பிரியுங்கள்: ‘மாறு’, ‘நகலோடு விடு’, ‘கைவிடு’. ரெடி வராமல் முதல் இரண்டையும் ஏற்கக் கூடாது. ‘கைவிடு’வுக்கு கேன்சலை ‘ஃபோர்ஸ்’ சேர்த்து அனுப்புங்கள். கோப்பை அழிப்பது தனிக் கட்டளையாக இருக்கட்டும். அது அழிப்பதற்கு முன் ‘க்வெரி-பிளாக்’ போட்டு, வி.எம். இப்போது எந்தக் கோப்பில் நிற்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

பதில் வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

கேன்சல் அனுப்பியதும் ஒரு வெற்று அடைப்பு திரும்பி வரும். கட்டளையை வாங்கிக்கொண்டேன் என்பதுதான் அதற்குப் பொருள். வேலை அப்புறம்தான் நிற்கும்; நின்றதை ஈவென்ட்தான் சொல்லும். சரி, அந்த நேரம் பார்த்து உங்கள் இணைப்பு அறுந்திருந்தால்? ஈவென்ட் போனது போனதுதான். வேலையும் பட்டியலிலிருந்து மறைந்திருக்கும். ஜெயித்ததா தோற்றதா என்று கேட்க ஆளில்லை. இதற்காகத்தான் 2018இல் வந்த பதிப்புகளில் ‘ஆட்டோ-டிஸ்மிஸ்’ என்ற தேர்வைச் சேர்த்தார்கள். அதை ஃபால்ஸ் என்று வைத்தால், முடிந்த வேலை ‘கன்க்ளூடட்’ நிலையில், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் ‘ஜாப்-டிஸ்மிஸ்’ சொல்லும்வரை காத்திருக்கும். நான் இப்போது எல்லா வேலையையும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

நூறு சதவீதத்தை நம்புவது

வேலையின் நிலையைக் கேட்டால், நகலெடுத்த அளவும் மொத்த அளவும் தொடக்கத்தில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று வரலாம். ‘இரண்டும் சமம், முடிந்தது’ என்று உங்கள் ஸ்கிரிப்ட் முடிவு கட்டிவிடும். மிரரில் மொத்த அளவும் ஓரிடத்தில் நிற்பதில்லை; வி.எம். எழுத எழுத அது வளரும். ரெடி என்ற புலத்தை மட்டும் பாருங்கள்.

வேகத்துக்கு அலகு சொல்லாமல் விடுவது

க்யூஎம்பியில் வேகம் நொடிக்கு இத்தனை பைட். லிப்வர்ட்டின் கட்டளைக் கருவியான விர்ஷில் சும்மா எண்ணைக் கொடுத்தால் நொடிக்கு இத்தனை மெபிபைட் (ஒன்று சுமார் பத்து லட்சம் பைட்). அந்தப் பையன் விர்ஷ் பழக்கத்தில் 50 என்று க்யூஎம்பிக்கு அனுப்பிவிட்டு, நகல் நகரவே இல்லை என்று ஒரு மணி நேரம் டிஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். உங்கள் கட்டளை அலகில்லாத எண்ணை வாங்கவே கூடாது. பூஜ்யம் என்றால் ‘வரம்பில்லை’. நிறுத்துவதற்குப் பூஜ்யம் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இடைநிறுத்தத்துக்கும் தொடர்வதற்கும் ஒரே பொத்தான்

வேண்டாம். இரண்டு வையுங்கள்.

ஐடி

ஒவ்வொரு வேலைக்கும் அடையாளப் பெயரை நீங்களே கொடுங்கள்.

வரும் சனிக்கிழமைக்கு அந்தப் பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஒரு சோதனை வி.எம்.மில் மிரர் போட்டு, ரெடி வந்ததும் கேன்சல் கொடுத்து, பழைய கோப்பை அழித்து, உள்ளே போய் நாலு வரி எழுதிவிட்டு, க்யூஎமுவைக் கில் செய்து, புதுக் கோப்பிலிருந்து மறுபடி எழுப்பிப் பார்க்க வேண்டும். அந்த நாலு வரி எங்கே போனது என்று அவனே தேடட்டும்.