பட்டுப்புடவை ஷூட்டுக்கு போஸ் பழகுவது எப்படி? பாதத்திலிருந்து தொடங்குங்கள்

புடவைக் கடை கேட்டலாக்குக்கு முதல்முறை நிற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகத்தை மட்டும் பழகிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஸ்டுடியோவில் லைட் எரிந்ததும் புதியவர் என்று காட்டிக்கொடுப்பது கால்தான். இரண்டு பாதமும் ஒட்டி, முழங்கால் விறைத்து நின்றால், எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் படத்தில் உயிர் இருக்காது. அதனால் இந்தப் பாடம் தரையில் தொடங்கி மேலே போகிறது. காஞ்சிபுரம் பட்டை வைத்தே பழகுவோம். கனமான துணி, அகலமான கரை, ஜரிகை முந்தி. இதில் நிற்கத் தெரிந்துவிட்டால் காட்டனும் ஜார்ஜெட்டும் சுலபமாக வந்துவிடும்.

முன்னேற்பாடு

ஆளுயரக் கண்ணாடி, போன், ட்ரைபாட், 2 அல்லது 3 அங்குல ஹீல்ஸ், மாஸ்கிங் டேப், ஒரு புடவை. இவ்வளவு போதும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பழகாதீர்கள். புடவைக்குள் எடுத்து வைக்க முடிகிற காலடி மிகச் சிறியது, அந்த அளவு உடம்புக்குப் பழக வேண்டும். ஹீல்ஸைப் போட்டுக்கொண்ட பிறகுதான் புடவை கட்ட வேண்டும். கட்டிவிட்டுப் போட்டால் கொசுவம் தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும். தோளில் குத்தும் ஊக்கில் முதலில் ஒரு சிறு மணியைக் கோத்துவிடுங்கள். ஊக்கின் சுருண்ட முனையில் பட்டு சிக்கிக் கிழியாமல் அந்த மணி தடுத்துவிடும்.

போனை உங்கள் இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி, 2 மடங்கு ஜூமில் வையுங்கள். கண் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கால் குட்டையாகத் தெரியும். மிக அருகில் வைத்தால் முன்னால் இருக்கும் கையும் முழங்காலும் பெருத்துவிடும். லென்ஸுக்கு எது அருகில் இருக்கிறதோ அது பெரிதாகத் தெரியும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகவே புரியும். நிற்க வேண்டிய இடத்தில் டேப்பால் கூட்டல் குறி ஒட்டிவிடுங்கள்.

1. பாதம்

உடம்பைக் கேமராவிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி திருப்புங்கள். கேமராவுக்குத் தூரமாக இருக்கும் காலில் உடல் எடை முழுவதையும் வையுங்கள். அருகில் இருக்கும் காலை அரை அடி முன்னால் வைத்து, விரல்நுனி கேமராவைப் பார்க்கும்படி லேசாக ஊன்றுங்கள். எடை தாங்கும் பக்கத்து இடுப்பு தானாகப் பின்னால் தள்ளும். லென்ஸை விட்டு விலகுவதால் அது சிறுத்தும் தெரியும்.

சரியாக நிற்கிறீர்களா என்று பார்க்க முன்காலைத் தரையிலிருந்து தூக்குங்கள். உடம்பு ஆடாமல் தூக்க முடிந்தால் சரி. ஆடினால் எடை இன்னும் இரண்டு காலிலும் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம்.

புடவையில் முன்முழங்காலை அதிகம் மடக்கக் கூடாது. கொசுவ மடிப்புகள் கீழே விசிறி போல லேசாகப் பிரிந்தால் போதும். முழங்கால் துணியில் புடைத்துத் தெரிந்தால், நேராக இறங்க வேண்டிய கரை அங்கே ஒடிந்து நிற்கும்.

2. எந்தப் பக்கம் திரும்புவது

முந்தி இடது தோளில் இருப்பதால் உங்கள் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. வலப்பக்கத்தைக் கேமராவுக்குக் கொடுத்தால் மார்பின் குறுக்கே ஏறும் கரையும், வலக்கை ஜாக்கெட்டின் வேலைப்பாடும் தெரியும். இடப்பக்கத்தைக் கொடுத்தால் தோளிலிருந்து இறங்கும் முந்தி தெரியும். எதைக் காட்ட வேண்டும் என்பதை ஷூட் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "எனக்கு இந்தப் பக்கம்தான் அழகு" என்ற எண்ணத்தைக் கேட்டலாக் வேலையில் தள்ளி வைப்பது நல்லது.

கால் 45 டிகிரியில் இருக்கட்டும், தோளை மட்டும் கொஞ்சம் கேமரா பக்கம் கொண்டுவாருங்கள். அந்தச் சின்ன முறுக்கில்தான் இடை தெரியும். முழங்கைக்கும் இடைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். கையை உடம்போடு அழுத்தினால் மேல்கை சதை பரந்துவிடும், இடையும் கையும் ஒரே திரளாகத் தெரியும்.

3. கை

புதியவர்களுக்கு அதிகம் தகராறு செய்வது கைதான். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் கை படத்தில் அப்படியே தெரியும், அதனால் எப்போதும் அதற்கு ஒரு வேலை கொடுங்கள்: கரையைத் தொடுவது, கொசுவத்தை லேசாகப் பிடிப்பது, முந்தியைத் தாங்குவது, காதணியைச் சரிசெய்வது.

புறங்கை முழுவதையும் கேமராவுக்குக் காட்டினால் கை முகத்தளவு பெரிதாகத் தெரியும். மணிக்கட்டைத் திருப்பிச் சுண்டுவிரல் ஓரத்தைக் காட்டுங்கள். விரல்கள் நீளமாகிவிடும். துணியை இறுக்கிப் பிடிக்காமல் பூ பறிப்பது போலக் கட்டைவிரலும் நடுவிரலும் மட்டும் தொட, மற்ற விரல்கள் தளர்ந்திருக்கட்டும். விரல் விறைத்துவிட்டால் கையைக் கீழே தொங்கவிட்டு இரண்டு முறை உதறிவிட்டு மறுபடி வையுங்கள். முழங்கை நேராக லென்ஸை நோக்கி நீளக் கூடாது. நீண்டால் முன்கை காணாமல் போய்க் கை பாதியில் வெட்டியது போல இருக்கும்.

4. தாடையும் கண்ணும்

நெற்றியைக் கேமரா பக்கம் ஒரு அங்குலம் நகர்த்துங்கள், பிறகு தாடையை அரை அங்குலம் இறக்குங்கள். நமக்கு ஆமை கழுத்தை நீட்டுவது போல அசௌகரியமாக இருக்கும். படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும். நீட்டாமல் இறக்க மட்டும் செய்தால் இரட்டைத் தாடை வரும். நீட்டாமல் உயர்த்தினால் மூக்குத் துவாரம் தெரியும்.

முகம் பெரிய லைட்டின் பக்கம் இருக்க வேண்டும். கண்ணுக்குள் அந்த லைட் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறதா என்று பாருங்கள். அது இல்லாத கண் சோர்ந்து தெரியும். பக்கவாட்டில் திரும்பும்போது மூக்கின் நுனி கன்னத்தின் கோட்டைத் தாண்டக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டால் தோள் காதை நோக்கி ஏறிவிடும். வாய் வழியாக மெல்ல மூச்சை விட்டபடியே நில்லுங்கள், உதடும் தளரும்.

5. புடவையைக் காட்டுவது

அழகுப் படத்துக்கும் கேட்டலாக் படத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து பிணைக்கப்படுகின்றன. வாங்க வருகிறவர்கள் அந்தப் பிணைப்புக் கோட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். உங்கள் கை அதன் மேல் விழக் கூடாது.

முந்தியைக் காட்ட இடது முன்கையை இடுப்பு உயரத்தில் மடக்கி, முந்தியை அதன்மேல் விரித்து, கீழ் ஓரத்தை வலக்கை விரல்நுனியால் பிடித்துச் சற்றே வெளியே இழுங்கள். மிக இறுக்கி இழுத்தால் போர்டு மாட்டியது போலாகும். இரண்டு மூன்று மென்மையான மடிப்பு விழுவதுதான் பட்டுக்கு அழகு.

ஜரிகை லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும். கேரம் காய் பக்கப் பலகையில் பட்டுத் திரும்புவது போல, லைட் பட்ட கோணத்திலேயே எதிர்ப்பக்கம் போகும். அது நேராக லென்ஸுக்குள் போனால் வேலைப்பாடு மறைந்து வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும். மணிக்கட்டை 10 டிகிரி சாய்த்தாலே டிசைன் திரும்ப வந்துவிடும். இரட்டை நிறப் பட்டில் இதே கோணத்தைச் சாதகமாகப் பயன்படுத்தலாம். பாவில் (நீளவாட்டு நூலில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூலில்) இன்னொரு நிறம் இருப்பதால், நேராக நின்றால் ஒன்றும் மடிப்பின் ஓரத்தில் மற்றொன்றும் தெரியும். மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் புடவை கட்டினால் முந்தியில் ஒரு மடிப்பாவது பக்கவாட்டில் திரும்பியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கப் படத்துக்குப் பின்னலை வலது தோளுக்கு முன்னால் எடுத்துப் போடுங்கள், முந்தி முழுதாகத் தெரியும். தலையை மட்டும் தோளுக்கு மேல் திருப்புங்கள். கழுத்தில் சுருக்கம் விழுந்தால் காலைக் கொஞ்சம் கேமரா பக்கம் நகர்த்தினால் போதும்.

6. ஃபிளாஷோடு சேர்ந்து நகர்வது

ஸ்டுடியோ ஃபிளாஷ் ஒருமுறை அடித்ததும் மறுபடி சார்ஜ் ஆகக் கொஞ்ச நேரம் எடுக்கும். பல ஃபிளாஷ்கள் தயாரானதும் 'பீப்' என்று சத்தம் கொடுக்கும். அந்த இடைவெளியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள்: முதலில் பார்வை, அடுத்து தாடை, அடுத்து கை, கடைசியில் எடை. காலை மாற்றாமலே ஒரு நிலையில் எட்டுப் படம் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் உதவியாளர் ஓடி வந்து கொசுவத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

"கேமரா லெஃப்ட்" என்று சொன்னால் கேமராவை எதிர்கொண்டு நிற்கும் உங்களுக்கு அது வலப்பக்கம். கண்ணாடி முன் மட்டும் பழகியவர்கள் இங்கே அதிகம் தடுமாறுவார்கள். "ஹோல்ட்" என்றால் மூச்சைத் தவிர எதுவும் அசையக் கூடாது. கண் அடிக்கடி மூடிக்கொண்டால், மூடி வைத்திருந்து மூன்று எண்ணிய பிறகு திறக்கிறேன் என்று போட்டோகிராபரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதற்கேற்ப அழுத்துவார்.

7. வீட்டுப் பயிற்சியும் சரிபார்ப்பும்

தினமும் 20 நிமிடம் போதும். 10 நிமிடம் கண்ணாடி முன். அடுத்த 10 நிமிடம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, போன் டைமரில் 30 படம். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் கட்டைவிரலால் உங்கள் முகத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள். முகம் தெரிந்தால் கண் அங்கேயே நின்றுவிடும், மறைத்தால்தான் விறைத்த முழங்கால், ஒட்டிய கை, ஒடிந்த கரை எல்லாம் கண்ணில் படும். அடிக்கடி வருகிற ஒரே ஒரு தப்பைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதை மட்டும் திருத்துங்கள்.