மாசியில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

கனடாவில் இருக்கும் எங்கள் அத்தை பேரன் போன வாரம் படம் அனுப்பியிருந்தான். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறான். தெளிந்த ஐஸ் நாலு அங்குலமாவது இருந்தால்தான் மேலே நடப்பார்களாம். குளிர் முடியும் தறுவாயில் அதையும் நம்பக் கூடாதாம். பார்க்கக் கெட்டியாக இருக்கும், உள்ளே பொத்துப் போயிருக்கும். சிறுமுகைக்காரனுக்கா இதைச் சொல்லித் தருகிறான் என்று சிரித்துக்கொண்டேன்.

நமக்கு ஐஸ் இல்லை, சேறு இருக்கிறது. தை மாதம் கீழ்பவானி வாய்க்காலில் புஞ்சைக்குத் தண்ணீர் திறந்தால் பவானிசாகர் அணையில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். எங்கள் சிறுமுகையை அடுத்த லிங்காபுரம், காந்தவயல் பக்கம் அணைக் கரையில் சரிவு குறைவு. அணையில் ஓரடி குறைந்தாலே இங்கே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். விட்டுப்போன தரை மேலே அப்பளம் மாதிரி காயும், அடியில் களி.

நான் ஒரு தடவை தொடை வரை இறங்கிவிட்டேன். காலை வெடுக்கென்று இழுக்க இழுக்க மற்றக் காலும் போனது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான், "இழுக்காத அப்புனு, மல்லாக்கச் சாஞ்சுக்கோ" என்றார். மூங்கில் குச்சியை முதுகுக்கடியில் போட்டுச் சாய்ந்து, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தேன். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முதலில் தரையைப் படியுங்கள். வெளுத்து, ஆழமாக வெடித்திருந்தால் பெரும்பாலும் தாங்கும். கறுத்து, வெடிப்பே இல்லாமல் மினுமினுத்தால் கால் வைக்காதீர்கள். மாட்டுக் குளம்பு எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பாருங்கள். மாடு போகாத இடத்துக்கு நானும் போவதில்லை. அடிக்கு அடி குச்சியால் குத்திப் பார்த்துத்தான் நடை. தனியாகப் போகாதீர்கள். அணையில் மீன்பிடி உரிமை வைத்திருப்பவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் நல்லது.

சரி, மீனுக்கு வருவோம். பனி பெய்யும் காலையில் போய் உட்காருவது வீண். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மீனுக்குப் பசி மந்தம். பத்து மணிக்கு மேல், வெயில் விழும் ஆழமில்லாத ஓரம், பக்கத்திலேயே பழைய ஆற்றுப் பள்ளம் என்று அமைந்தால் அதுதான் இடம்.

தூண்டில் முள் சிறியதாக இருக்கட்டும், ஜிலேபி மீனுக்கு வாய் சின்னது. மண்புழுவுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பொடக்காலியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தைக் கிளறினால் போதும். முழுப் புழுவைக் கோத்தால் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும், பாதி போதும். தக்கைக்குத் தோல் உரித்த சோளத்தட்டு நாலு விரல் நீளம். ஊறிப்போனால் வேறு துண்டு. நான் தறிக்காரன், இழை பிணைக்கும் முடிச்சையே தூண்டில் நரம்பிலும் போட்டு இரண்டு நல்ல மீனை விட்டேன். நைலான் வழுக்கும். எச்சில் தொட்டு இறுக்குங்கள்.

அப்புறம் தக்கையைப் பார்க்கும் வித்தை. படபடவென்று துடித்தால் சின்னக் கெண்டை, விட்டுத்தள்ளுங்கள். இரண்டு முறை நடுங்கிவிட்டுப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினால் ஜிலேபி, அப்போது சுண்டுங்கள். நின்றிருந்த தக்கை சும்மா படுத்துக்கொண்டால் பலரும் நரம்பு தளர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். இல்லை, அடியில் மேயும் மிர்கால் ஈயக் குண்டோடு சேர்த்துத் தூக்கியிருக்கிறது. அவசரப்படாமல், தக்கை நகரும் வரை காத்திருந்து தூக்குங்கள்.

நாலு மணிக்கெல்லாம் நரம்பைச் சுற்றிவிடுவேன். காடு காயும் மாதங்களில் யானை இதே கரைக்குத் தண்ணீருக்கு வரும். மீன் கடிக்கிறது, இன்னும் ஒன்று பார்ப்போம் என்று மச்சான் சொல்லுவார். நான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவேன், வந்த தடத்திலேயே.